அப்பெண்டிக்ஸ் என்று சொன்ன நாள்

அயனம்பாக்கம்
9 ஜூன் 1991

அன்புள்ள அண்ணிக்கு,

பிலோமினா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமல் போட்டுவிடுவீர்களோ என்று பயந்து, முகவரியை உங்கள் தம்பியை எழுதச் சொன்னேன். இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்துவிட்டு மூன்றாவது தடவைதான் கோட்டில் எழுதினார்.

எங்கள் குழந்தை செலினின் ஞானஸ்நானம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. என் பக்கம் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் நிலையையும் யோசித்துப் பாருங்கள். பந்தியில் டேவிட்டின் பெரியம்மா சகாயம்மாள் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். உங்களைப் பெண் கேட்டிருக்கிற வீடு. அவரோ பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நீங்கள் சாம்பார் அண்டாவைத் தூக்கப் போக, என் அம்மா "ஆபரேஷன் ஆன உடம்பு, நீ தூக்காதேம்மா" என்று உளறிவிட்டாள். "என்ன ஆபரேஷன்?" என்று அவர் கேட்டார். நீங்கள் கூசாமல் "நாலு வருஷத்துக்கு முன்னாடி என் தம்பிக்கு..." என்று ஆரம்பித்தீர்கள். நான் குறுக்கே விழுந்து, "அப்பெண்டிக்ஸ்!" என்றேன். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்.

கேட்டுக்கு வெளியே நின்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "என் உடம்பிலேர்ந்து எடுத்ததுக்குப் பேர் வைக்க நீ யாரு?"

நான் யாருமில்லைதான். அத்தை சாகும் முன்பு என்னை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினார்கள். "தம்பிக்குக் கிட்னி குடுத்தவன்னு வெளிய தெரிஞ்சா என் பொண்ணை ஒருத்தனும் கட்ட மாட்டான். அவ கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் உன் வாயில வரக் கூடாது." நீங்கள் உங்கள் தம்பிக்கு உயிர் கொடுத்தீர்கள், பதிலுக்கு என்னால் செய்ய முடிந்தது இந்தப் பொய் ஒன்றுதான். உங்களுக்கு முப்பத்திரண்டு ஆகிறது அண்ணி. ஆகஸ்டில் கோவிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம் என்கிறார்கள் டேவிட் வீட்டில். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

செலின் குப்புற விழுகிறாள். உங்கள் தம்பிக்குப் பத்து நாளாகத் தலைவலி. கண்ணாடி மாற்ற வேண்டும்போல. கீழ் வீட்டு கெங்கம்மாள் சுக்கு அரைத்துப் பத்துப் போட்டாள். "தலநோவுக்கெல்லாம் இன்னாத்துக்குமா டாக்டரு? போட்டுக்கினு படு, எறங்கிடும்" என்றாள். இறங்கவில்லை. அடுத்த மாதம் வேலூர் செக்கப் வருகிறது, அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

பதில் எழுதுவீர்களா?

உங்கள்
பிலோமினா

*

போளூர்
13 ஜூன் 1991

பிலோமினா,

பிரித்தேன். படித்தேன். அண்டா, சத்தியம், ஓலை எல்லாவற்றையும் பற்றிப் பிறகு பேசலாம். பேசாமலும் இருக்கலாம்.

இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் கண்ணாடி என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் எழுது. பத்து நாள் என்றால் தினமுமா? காலையில் எழுந்ததும் அதிகமா? காய்ச்சல் இருக்கிறதா? வாந்தி? பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று சொன்னானா? முகவரியைக் கோட்டில் எழுத முடியவில்லை என்கிறாய். அவன் டிராயிங் பார்த்து இரும்பு கடைகிறவன். அவனுக்குக் கோடு தெரியவில்லை என்பது உனக்கு வேடிக்கையாகப் பட்டதா?

நீ பி.எஸ்சி. படித்தவள். அவன் தினமும் விழுங்கும் மாத்திரை என்ன செய்கிறது என்று வேலூரில் உன்னை உட்காரவைத்துத்தான் சொன்னார்கள். என் கிட்னியை அவன் உடம்பு 'இது வேறு ஆள்' என்று தெரிந்துகொண்டு அழித்துவிடக் கூடாது. அதற்காக அவன் உடம்பின் காவலையே பாதி தூங்கவைத்திருக்கிறது அந்த மாத்திரை. காவல் தூங்கினால் யார் வேண்டுமானாலும் நுழையலாம். மற்றவர்களுக்கு வரும் தலைவலி வேறு, அவனுக்கு வரும் தலைவலி வேறு.

அடுத்த மாதம் வேண்டாம். இந்த வாரமே வேலூருக்குக் கூட்டிப் போ.

ஞானகுமாரி

*

பூந்தமல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து
23 ஜூன் 1991

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் 17ஆம் தேதி வந்தது. அன்று காலைதான் வேம்புலி உங்கள் தம்பியைக் கம்பெனியிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார். அவரோடு அதே ஷெட்டில் வேலை செய்கிறவர். ஞானஸ்நானத்துக்குப் பாயசம் கிண்டினாரே, அவர்தான். வாசலிலிருந்தே கத்தினார்: "தங்கச்சி! அருளு ஒரே பேஜாரா கீறான். காலைலேர்ந்து மூணு வாட்டி வாந்தி. என்னைப் பாத்து, ‘நீ யாருப்பா?’ன்றான். மொதல்ல கலாய்க்கிறான்னு நெனச்சேன். கண்ணப் பாத்தாக்கா அப்பிடித் தெரியல."

கடிதத்தைப் பாதி படித்தபடியே ஆட்டோவில் ஏறினேன். பூந்தமல்லிக்கு விடச் சொன்னது நான்தான். தெரிந்த நர்ஸ் இருந்தால் கட்டில் சீக்கிரம் கிடைக்குமே என்று நினைத்தேன். குமணன்சாவடி முக்கில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டபோது அவருக்குக் கை கால் இழுத்தது. வேம்புலி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு லாரிக்காரர்களை என்னென்னவோ திட்டினார். நான் செலினின் கண்ணைப் பொத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, ஆறு மாதக் குழந்தைக்கு என்ன புரியும்?

மறுநாள் கொஞ்சம் தெளிந்தார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் டி.பி. என்று சொல்லி மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். தெரிந்த வியாதிதானே, மருந்து இருக்கிறதே என்று எனக்குப் பாதி உயிர் வந்தது.

இப்போது நான் எழுதப் போவதைப் படித்துவிட்டுக் கோபப்படாதீர்கள். நீர் எடுப்பதற்கு முன் சின்ன டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, இல்லை. குடிப்பாரா, இல்லை. வேறு ஏதாவது மாத்திரை? சத்து மாத்திரை என்றேன். சட்டையைத் தூக்கி, வலது அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்து, "இது என்ன ஆபரேஷன்?" என்றார். கட்டிலின் அந்தப் பக்கம் சகாயம்மாள் சிஸ்டர் சார்ட்டும் கையுமாக நின்றுகொண்டு என்னையே பார்த்தார்.

அப்பெண்டிக்ஸ் என்றேன்.

சிஸ்டர் சிரித்தபடி, "அக்காவுக்கும் அதே, தம்பிக்கும் அதேவா? குடும்பச் சொத்து போலிருக்கே" என்றார். டாக்டரும் சிரித்தார். எழுதிக்கொண்டார்.

உங்களுக்காகத்தான் சொன்னேன் அண்ணி. மாத்திரையை நிறுத்தவில்லை. வேளை தவறாமல் நானே கொடுக்கிறேன், அட்டையிலிருந்து பிரித்து ஒரு பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். கிட்னிக்கு ஒன்றும் ஆகவிடமாட்டேன். டி.பி.க்கு டி.பி. மருந்துதானே கொடுக்கப்போகிறார்கள், தழும்பு எதனுடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். நினைத்தது சரிதானா? நீங்கள் லேப்பில் இருப்பவர், உங்களுக்குத் தெரியும். தலைவலி இன்னும் குறையவில்லை.

பிலோமினா

*

போளூர்
26 ஜூன் 1991
எக்ஸ்பிரஸ் டெலிவரி

பிலோமினா,

சரியில்லை. நீ நினைத்தது சரியே இல்லை.

எதிர்ப்புச் சக்தி குறையாத மனிதனுக்கு இந்த அறிகுறிகள் வந்தால் நம் ஊரில் முதலில் டி.பி. என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் அருளுக்கு வந்தால் இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். காற்றில் கிடக்கும் ஒரு பூஞ்சைக் கிருமி. பறவை எச்சம், மக்கிய மண் எல்லாவற்றிலும் இருக்கும். நாம் எல்லோரும் மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் செய்வதில்லை. அவனைப் போன்றவர்களுக்கு மட்டும் அது நுரையீரலிலிருந்து மூளைக்கு ஏறிவிடும். டி.பி. மருந்து அதைத் தொடக்கூடச் செய்யாது. ஒவ்வொரு நாளும் மூளைக்குள் அழுத்தம் ஏறும். கண் நரம்பு போகும், பிறகு உயிர்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. அந்த முதுகு நீரில் ஒரு சொட்டு, இந்தியா இங்க் என்கிற கறுப்பு மையில் ஒரு சொட்டு. சேர்த்து மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். கிருமி தன்னைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு போர்வை போர்த்தியிருக்கும், மை அதற்குள் நுழையாது. எங்கும் கறுப்பு, நடுவே வெள்ளை வளையம். மை போடாமல் பார்த்தால் வெள்ளை அணு என்று எண்ணிவிட்டுப் போவார்கள். நானே ஒரு முறை அப்படி எண்ணியிருக்கிறேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அந்த அம்மாள் பிழைக்கவில்லை.

ஆனால் கிட்னி மாற்றியவன் என்று தெரிந்தால்தான் டாக்டர் மையைப் பற்றியே யோசிப்பார். கடிதம் கிடைத்த நிமிடமே போய்ச் சொல். வாயால் வராவிட்டால் இந்தக் காகிதத்தை நீட்டு. நர்ஸ் நின்றால் நிற்கட்டும். என் கல்யாணத்துக்காக என்று மறுபடி எழுதாதே. நான் உன்னைக் கேட்கவில்லை.

ஞானகுமாரி

*

பூந்தமல்லி
30 ஜூன் 1991

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உடனே சின்ன டாக்டரைப் பார்த்து மை டெஸ்ட்டைப் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் இவருக்குத் தேவையில்லை என்கிறார். டி.பி. மருந்துக்குப் பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகுமாம், பொறுக்கச் சொல்கிறார். பெரிய டாக்டர் திங்கட்கிழமை வருவார்.

உங்கள் தம்பி என்னிடம் பேசுகிறார். சில சமயம் என்னை அத்தை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார். இன்று காலை தெளிவாக இருந்தார். "பச்சைப் புடவை கட்டியிருக்கே, யாருக்குக் கல்யாணம்?" என்றார். ஆனால் செலினை நீட்டினால் கை கொஞ்சம் தள்ளிப் போய்த் தேடுகிறது. வெளிச்சம் கூசுகிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறார்.

நீங்கள் வருத்தப்படாதீர்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிலோமினா

*

அயனம்பாக்கம்
2 செப்டம்பர் 1991

அன்புள்ள அண்ணிக்கு,

போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். நீங்கள் போளூர் திரும்பியதிலிருந்து ஒரு கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழிக்கிறேன். பல நாளாக நாம் ஒரே வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம், ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டோம், இதை மட்டும் பேசவில்லை. எழுதத்தான் வருகிறது, அதுவும் இவ்வளவு தாமதமாக.

முதலில் உடம்பு. ஆறு வாரம் டிரிப்பில் ஏற்றிய மருந்து வேலை செய்துவிட்டது. கடைசியாக எடுத்த நீரில் வளையம் எதுவும் இல்லையாம். அந்த மருந்து கிட்னியைக் கெடுக்கும் என்று பயமுறுத்தினார்களே, நடுவில் ரத்தத்தில் ஏறிய கிரியாட்டினின் அளவு இறங்கிவிட்டது. நீங்கள் கொடுத்தது நன்றாக இருக்கிறது. கண்தான் வரவில்லை. வேலூருக்குக் கூட்டிப்போனபோது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு வெளுத்துவிட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 30 கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை. ஒன்றை விட்டுவிட்டேன். டாக்டரிடம் மை டெஸ்ட்டைக் கேட்டேன், கிட்னியைச் சொல்லவில்லை. உங்கள் கடிதம் என் ஜாக்கெட்டுக்குள்தான் இருந்தது. நீட்டியிருந்தால் போதும். சகாயம்மாள் சிஸ்டர் பக்கத்து மேசையில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். கிட்னியைச் சொல்லாமலேயே டெஸ்ட்டை மட்டும் வாங்கிவிடலாம், இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சின்ன டாக்டர் சிரித்தார். "யார் சொன்னாங்க உங்களுக்கு? எங்கேயாவது படிச்சீங்களா? எதிர்ப்புச் சக்தியே இல்லாதவங்களுக்கு வர்றதும்மா அது. உங்க வீட்டுக்காரர் இரும்பு கடையற ஆளு." அவர் மேல் என்ன தப்பு? அவருக்குத் தெரிந்த மனிதனுக்கு அவர் சரியாகத்தான் சொன்னார். அந்த மனிதனை நான் அல்லவா இட்டுக்கட்டிக் கொடுத்தேன்.

ஜூலை இரண்டாம் தேதி நீங்கள் வார்டுக்குள் வந்தீர்கள். பையில் மைப் புட்டி, பக்கத்தில் டேவிட். யாரையும் பார்க்காமல் பெரிய டாக்டர் முன்னால் போய் நின்று, "இவன் என் தம்பி. எண்பத்தேழுல என் கிட்னியை இவனுக்கு வெச்சாங்க. இந்தப் பொட்டலத்துல இருக்கறது சத்து மாத்திரை இல்லை" என்றீர்கள். ஒரு மணி நேரம் கழித்து லேப்பிலிருந்து அந்தச் சின்ன டாக்டர் ஓடிவந்தார். "ஸ்லைடு பூரா வளையம்" என்றார்.

உங்கள் தம்பிக்குக் கண் முழுசாக இருண்டது நாலாம் தேதி. உங்கள் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து ஆறு நாள் என்று சொல்வேனா, அப்பெண்டிக்ஸ் என்று சொன்னதிலிருந்து பதினாறு நாள் என்று சொல்வேனா? எங்கிருந்து எண்ணினாலும் அங்கே நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

சகாயம்மாள் சிஸ்டர் அன்று என்னைக் கையைப் பிடித்து மாடிப்படி அருகே இழுத்துப்போனார். அடிப்பார் என்று நினைத்தேன். "முப்பது வருஷமா நர்ஸு நான். எத்தனை பேரோட ரகசியம் இந்த வயித்துக்குள்ள கெடக்குது தெரியுமா? எங்கிட்ட சொல்லியிருந்தா டாக்டருக்கு மட்டும் சொல்லியிருப்பேன். ஊருக்கா தம்பட்டம் அடிச்சிருப்பேன்?" என்று சொல்லிவிட்டு அவரே அழுதார்.

பெரிய டாக்டர் அப்புறம், புறா வளர்க்கிறீர்களா என்று கேட்டார். வேம்புலிக்குக் கோபம். "எங்க ஷெட்டுல புறா இல்லாத எடம் எதுன்னு கேளு சார். எல்லாரும் அதே காத்தத்தான் இஸ்துக்கினு கீறோம். இவனுக்கு மட்டும் இன்னாத்துக்கு?" அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி, பதினைந்து நாள் அவர் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இதையெல்லாம் தாங்கிவிட்டேன். தாங்க முடியாதது டேவிட் சொன்னது. கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு, சாதாரணமாக, "ஏங்க மறைச்சீங்க? எனக்கு ஏப்ரல்லயே தெரியுமே. குமாரி எழுதியிருந்தாங்க. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ஒரு கிட்னின்னா லேப்புல என்ன கணக்குத் தப்பாவா வரும்னு அம்மா கேட்டாங்க" என்றார். டம்ளர் என் கையில் இருந்தது, சூடே தெரியவில்லை.

ஏன் அண்ணி எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை?

பிலோமினா

*

போளூர்
9 செப்டம்பர் 1991

பிலோ,

கேட்டுவிட்டாய். இனி நான் சொல்லாமலிருக்க முடியாது.

ஞானஸ்நானத்தன்று உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, ஆவடி போய் டேவிட் வேலை செய்யும் பள்ளிக்கூட வாசலில் நிற்கலாமா என்று யோசித்தேன். தைரியம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடிதம் எழுதினேன். அவர் பதிலில் கிட்னி இரண்டு வரி, கல்யாணத் தேதி ஒரு பக்கம். அன்றே உனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. நீ பயந்துகொண்டே இரு, உன் பொய்யை நீயே சுமந்துகொண்டு திரி, ஓலை வாசிக்கும் நாளில் தெரிந்து வெட்கப்படு என்று இருந்தேன். என் வாயை அடைத்ததற்கு அது தண்டனை.

அந்த எக்ஸ்பிரஸ் கடிதத்தில் எழுதியிருக்கலாம். அதற்குத்தான் எனக்கு மன்னிப்பே கிடையாது. 'டேவிட்டுக்குத் தெரியும், பயப்படாதே' என்று நினைத்தேன், பேனா வரைக்கும் வந்தது. எழுதினால் உனக்கு எளிதாகிவிடும், எளிதாக்கக் கூடாது, உண்மையை உண்மை என்பதற்காகவே நீ சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தம்பி அங்கே கிடக்க, உனக்கு நான் நல்லொழுக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கடிதம் போட்ட அன்றைக்கே பஸ் ஏறியிருந்தால் இருபத்தேழாம் தேதி பூந்தமல்லியில் இருந்திருப்பேன். ஏறாதது லீவு கிடைக்காததால் அல்ல. நீ "வாருங்கள்" என்று எழுதவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று ஆறு நாள் உட்கார்ந்திருந்தேன், உன் பதில் வராததால்தான் கடைசியில் கிளம்பினேன். அந்த ஆறு நாளும் ஊரார் முதுகு நீரையெல்லாம் மை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை அப்படி.

டாக்டர் சொன்னதை நான் கேட்டேன். ஜூன் கடைசியில் மருந்து தொடங்கியிருந்தால் கண் தப்பியிருக்குமா என்றேன். "இருக்கலாம். இந்தக் கிருமியில் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். இந்த 'இருக்கலாம்' உனக்குப் பாதி, எனக்குப் பாதி.

அருளுக்கு என்ன தெரியும்? கிருமி கண்ணைத் தின்றுவிட்டது என்றுதான் இன்னமும் நினைக்கிறானா? என் கடிதங்களை நீதான் அவனுக்குப் படித்துக்காட்டுகிறாய். எந்த வரிகளைத் தாண்டிப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அவனிடம் சொல். அவனுக்குத் தெரியக் கூடாது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து இன்னொன்றை ஆரம்பிக்க வேண்டாம்.

ஓலை அக்டோபர் ஆறாம் தேதி முதல் வாசிக்கிறார்கள். தள்ளிவைக்கச் சொன்னேன், டேவிட் மறுத்துவிட்டார்.

குமாரி

*

அயனம்பாக்கம்
22 செப்டம்பர் 1991

அன்புள்ள அண்ணிக்கு,

தாண்டித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் இல்லாத நாட்களில் உங்களிடமிருந்து வந்த இன்லண்ட் லெட்டர்களில் பாதியை அவர் கேட்டதே இல்லை. "அவ்வளவுதானா? அக்கா இப்பல்லாம் சின்னதா எழுதறா" என்பார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் செலினை கெங்கம்மாளிடம் கொடுத்துவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து உங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். புரியாத இடத்தில் நிறுத்தி, பழைய கடிதங்களையும் எடுத்துவந்து படித்தேன். உங்களுடைய எக்ஸ்பிரஸ் கடிதத்தைப் படிக்கும்போது இரண்டு தடவை நிறுத்தினேன். "தண்ணி குடிச்சிட்டுப் படி" என்றார்.

எல்லாவற்றையும் படித்து முடித்தேன். பிறகு கேட்டார்.

"அந்தக் கடுதாசி உனக்கு எப்ப கிடைச்சது?"

"இருபத்தெட்டாம் தேதி. வெள்ளிக்கிழமை."

"அன்னிக்கு எனக்குக் கண்ணு தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் அதுவும் வாய்க்கு வந்தது, உங்களிடம் ஒளிக்க மாட்டேன்.

"தெரிஞ்சுது. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுக்கூட என் புடவை பச்சைன்னு சொன்னீங்க."

தலையை ஆட்டினார். எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ஆறு நாள் என்னோடு பேச்சில்லை. சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார், செலினைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தார். மாத்திரை கொடுக்கும்போது மட்டும் ஒன்று செய்கிறார். ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்த்து, "இது எது? பேர் சொல்லு" என்கிறார். சொல்கிறேன். அதன் பிறகுதான் வாயில் போடுகிறார். முன்பெல்லாம் நான் நீட்டியதைக் கேட்காமல் விழுங்கியவர்.

நேற்று வேம்புலி வந்திருந்தார். கம்பெனியில் கேன்டீன் டோக்கன் பிரிக்கிற வேலை போட்டுத் தருகிறார்களாம். "கையால தடவியே சொல்லிடலாம் அருளு, உனக்கு இன்னா, பித்தள டோக்கன் ஒண்ணு, அலுமினியம் ஒண்ணு, அவ்ளோதான" என்றார். இவர் சிரித்தார். ஜூனுக்கு அப்புறம் இப்போதுதான் அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். அது எனக்கு இல்லை, வேம்புலிக்கு. இருந்தாலும் அடுப்படியில் நின்று கேட்டேன்.

இன்று காலை கூப்பிட்டு, "பேனா எடு. அக்காவுக்கு எழுதணும். நான் சொல்றதை அப்படியே எழுது. ஒரு வரி விடக் கூடாது" என்றார். அவர் சொன்னது இது:

'அக்கா, நான் நன்றாக இருக்கிறேன். கிட்னி வேலை செய்கிறது. உன் கல்யாணத்துக்கு வேம்புலி கையைப் பிடித்துக்கொண்டு வருவேன். சகாயம்மாள் சிஸ்டரைக் கேட்டதாகச் சொல். உன் ஆறு நாளைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் நீ தூரத்தில் இருந்தாய். பிலோ பக்கத்திலேயே இருந்தாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது. நாளைக்கும் அவள்தான் எனக்குச் சோறு போடுவாள், அவள்தான் கடிதம் படிப்பாள். அதனால் இதை அவள் கையாலேயே எழுதச் சொல்கிறேன்.'

எழுதி முடித்து, அவர் கேட்டபடி ஒரு முறை உரக்கப் படித்துக்காட்டினேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. பேனாவை அவர் விரல்களுக்குள் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். என் கையை அவர் உதறவில்லை.

பிலோமினா

அருள்தாஸ்